சிஜிபிஏ 2.72, நடுவில் ஒரு 1.72: முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா?

#1 பிறை_வாணி | திங்கள், இரவு 11.40

வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இன்றுதான் முதலில் எழுதுகிறேன்.

வயது 26, வீடு மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் பட்டம். பெயர் வேண்டாமே. முடித்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தொழிற்சாலைக் கழிவுநீர், செம்பனை ஆலைக் கழிவுநீர் எல்லாம் போத்தல் போத்தலாக எங்களிடம்தான் வரும்.

செமஸ்டர் வாரியாக என் புள்ளிகள்: 2.70, 2.58, 1.72, 1.96, 2.61, 3.28, 3.41, 3.50. நான்குக்கு மொத்தச் சராசரி, அதாவது சிஜிபிஏ, 2.72.

மூன்றாம் செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வாரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மா சாய் லெங் பார்க் பக்கம் காலையில் ஒட்டுக்கடை போடுகிறார். தம்பி அப்போது ஐந்தாம் படிவம். வெள்ளி இரவு பஸ் ஏறி வருவேன். சனி, ஞாயிறு விடியற்காலை கடை, பிறகு மருத்துவமனை, ஞாயிறு இரவு திரும்பப் பஸ். இரண்டு செமஸ்டரும் புள்ளி போதவில்லை என்று எச்சரிக்கும் புரோபேஷன் கடிதம் வந்தது.

எனக்கு ஆய்வு வழியில் முதுகலை செய்ய ஆசை. செம்பனை ஆலைக் கழிவுநீரில்தான். ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாலும் 2.75 என்று நிற்கிறது. எனக்கு 0.03 குறைவு. சான்றிதழ் கோப்பை அலமாரிக்கு மேலே, முறுக்கு வைக்கும் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். அதை எடுக்கலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி.

#2 தைப்பிங்_மழை | திங்கள், இரவு 11.58

நானும் 2.6 கூட்டம்தான். பதில் வரட்டும், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

#3 செந்தூல்_சேகர் | செவ்வாய், காலை 7.15

தங்கச்சி, 2.75 பூட்டின கதவு இல்லை. எம்.கியூ.ஏ, அதாவது மலேசியத் தகுதி முகமை, வகுத்த தரத்தைத்தான் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. பொதுவாக ஆய்வு வழி முதுகலைக்கு 2.75 இருந்தால் நேராகப் போகலாம். 2.50-க்கும் 2.75-க்கும் நடுவில் இருந்தால் கடுமையான உள்மதிப்பீடு வைத்து எடுக்கலாம். 2.50-க்குக் கீழே என்றால் அதே துறையில் குறைந்தது ஐந்து வருட வேலை அனுபவம் கேட்பார்கள். நீங்கள் நடு வகை.

ஆனால் இது தேசிய அளவிலான அடிமட்டம். தனக்கென்று கூடுதலாகக் கேட்கிற பல்கலைக்கழகங்களும் துறைகளும் உண்டு. ஆகவே பொதுப் பக்கத்தோடு நிற்காமல் அந்தந்தத் துறையின் பக்கத்தையும் பாருங்கள். பாடவழி முதுகலைக்கு நிபந்தனை வேறாக இருக்கலாம், அதையும் கவனியுங்கள்.

#4 ஆயர்_ஈத்தாம்_ராஜா | செவ்வாய், காலை 8.02

ஏபெல் வழியாகப் போகலாமே? வேலை அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்வார்களாம்.

#5 செந்தூல்_சேகர் | செவ்வாய், காலை 8.20

ராஜா, அது பட்டம் இல்லாதவர்களுக்கான வழி. முதுகலைக்கு ஏபெல் என்றால் 30 வயது தாண்டியிருக்க வேண்டும், எஸ்.டி.பி.எம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா வேண்டும், வேலை அனுபவம் வேண்டும், அப்புறம் தேர்வும் அனுபவக் கோப்பும். இவர் கையில் பட்டம் இருக்கிறது. வீட்டுக்கு முன்வாசல் இருக்கும்போது சுவர் ஏறுவானேன்.

#6 கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1.10

சாப்பாட்டு நேரத்தில் போட்ட கணக்கு. எல்லாச் செமஸ்டரிலும் கிரெடிட் சமம் என்று வைத்துக்கொண்டால் கடைசி நான்கின் சராசரி 3.20. கடைசி மூன்று மட்டும் என்றால் 3.40. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வையுங்கள், 2.72-ஐவிட இவை உங்களைப் பற்றி நிறையச் சொல்கின்றன.

வெளிநாடு யோசித்தால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அமெரிக்காவில் பல இடங்களில் 3.0 கேட்பார்கள், ஆனால் கடைசி 60 கிரெடிட்டைத் தனியாக எடுத்துப் பார்க்கும் துறைகளும் உண்டு. அங்கே உங்களுக்கு வழி இருக்கிறது. ஜெர்மனியில் வெளிநாட்டுப் புள்ளியை அவர்கள் முறைக்கு மாற்றப் பவேரிய சூத்திரம். நாலிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, இரண்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்டுங்கள். 2.72-க்கு 2.92 வருகிறது. அங்கே எண் குறைந்தால்தான் நல்லது. 2.5-க்குள் கேட்கும் படிப்பு என்றால் நம் கணக்கில் 3.00 வேண்டும், கஷ்டம். பிரிட்டனில் பல படிப்புகள் 2:1 (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) கேட்கும், 2:2 (அதன் கீழ்நிலை) போதும் என்பவையும் இருக்கின்றன. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். உங்களுக்கு அது தேறிவிட்டது, ஆனால் அங்கேயும் பட்டத்தின் தரத்தைப் பார்ப்பார்கள்.

#7 முருங்கைமரம் | செவ்வாய், மாலை 6.45

எல்லோரும் வழி சொல்கிறீர்கள், நான் கேட்பது எதற்கு என்று. நான் கடன் வாங்கிப் பாடவழி முதுகலை முடித்தேன். சம்பளம் ஒரு ரிங்கிட் ஏறவில்லை. ஏற்கெனவே பி.டி.பி.டி.என் கல்விக்கடன் பாக்கி, மேலே இது. அப்பா உடம்பு இப்படி, அம்மா ஒட்டுக்கடை. வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி என்று உட்கார்ந்தால் வீட்டை யார் பார்ப்பது? ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், மாதக் கடைசியில் ஒருவரும் வரமாட்டார்கள்.

#8 பிறை_வாணி | செவ்வாய், இரவு 10.30

முருங்கைமரம் அண்ணே, கோபம் இல்லை. அம்மாவும் இதையேதான் கேட்டார், உங்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன். கட்டணத்துக்குக் கே.டபிள்யூ.எஸ்.பி-யில் (ஊழியர் சேமநிதி) செஜாத்திரா கணக்கிலிருந்து படிப்புக்காக எடுக்கலாம் என்று தெரியும். இரண்டரை வருடச் சேமிப்பு எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். அப்பா கைத்தடியோடு நடக்கிறார், கல்லாவில் உட்காருகிறார். பாக்கிச் சில்லறை கொடுக்கத்தான் கொஞ்சம் நேரமாகும், வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள்.

சம்பளத்துக்காக இல்லை. ஒரே சோதனையை வருடம் முழுக்கச் செய்கிறேன், அந்த எண் ஏன் அப்படி வருகிறது என்று கேட்க எங்கள் இடத்தில் நேரம் கிடையாது.

#9 பந்தாய்_வாசி | புதன், காலை 6.10

கோலாலம்பூரில் விரிவுரையாளராக இருக்கிறேன். முதுகலை விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன். எங்கே என்று கேட்காதீர்கள்.

நான் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது புள்ளிப் பட்டியலை, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பேன். என்னைப்போல் படிப்பவர்கள் நிறைய உண்டு. நம்மிடம் வந்து சேரப்போகிறவர் கடைசி வருடத்து மாணவர், முதல் வருடத்து மாணவர் இல்லை. பிறகு மொத்தப் புள்ளியை விட்டுவிட்டுப் பாடத்தின் பெயரைப் பார்ப்பேன். கட்டாயப் பொதுப்பாடத்தில் சி வாங்கினால் எனக்குக் கவலையில்லை. கழிவுநீர் ஆராய்ச்சிக்கு வருகிறவர் பகுப்பாய்வு வேதியியலில் என்ன வாங்கினார், இறுதியாண்டு ஆய்வில் என்ன, ஆய்வகப் பாடங்களில் என்ன, இதுதான் கேள்வி. அந்தப் பாடங்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது மூன்றாம் செமஸ்டரில். 2.70, 2.58 இரண்டும் அதற்கு முன்பு வந்தவை. ஐந்தாவதில் 2.61, அது அதற்குப் பிறகு. எட்டில் இரண்டு செமஸ்டருக்குத்தான் நீங்கள் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். மற்ற மூன்றுக்கு?

இங்கே என்பதால் வாய்விட்டுக் கேட்கிறேன். குழுவில் யாரும் கேட்கமாட்டார்கள். மனதுக்குள் நினைத்துக்கொண்டு அடுத்த கோப்பை எடுப்பார்கள்.

#10 தைப்பிங்_மழை | புதன், காலை 6.31

ஐயோ.

#11 முருங்கைமரம் | புதன், காலை 7.50

சார், அந்தப் பிள்ளை அப்பா விழுந்ததைச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் பார்த்துப் பேசலாம்.

#12 பிறை_வாணி | வியாழன், இரவு 12.20

கேள்வியைப் படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நேற்று முழுக்க இங்கே வரவில்லை.

சார் கேட்டது சரிதான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் நல்ல புள்ளி. பல்கலைக்கழகத்தில் பௌதிக வேதியியல் முதல் இடைத்தேர்வில் நூற்றுக்கு 38. அதுவரை வாழ்க்கையில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை. டுடோரியல் வகுப்புக்குப் போனால் கரும்பலகைக்குக் கூப்பிடுவார்கள் என்று போவதை நிறுத்தினேன். கூட்டாளிகள் கேட்டால் தலைவலி என்பேன். அப்பா விழுந்தபோது, இதை எழுதவே கூசுகிறது, எல்லோரிடமும் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணமும் பொய் இல்லை. ஆனால் அது வருவதற்கு முன்பே நான் விழுந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் செமஸ்டரில் தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்தேன், சி பிளஸ். ஆறாவதில் என் அறைத்தோழி, ஈப்போ சீனப் பெண், தினமும் இரவு நூலகத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடவைத்தாள். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லப் பழகியது அப்போதுதான். பகுப்பாய்வு ஆய்வகமும் அதே செமஸ்டர். அங்கே முதல் தடவையாக ஏ.

சார் சொன்னபடி பாடங்களைத் தனித்தாளில் எழுதினேன். பகுப்பாய்வு வேதியியல் ஏ மைனஸ், கருவிப் பகுப்பாய்வு ஏ, சுற்றுச்சூழல் வேதியியல் ஏ, இறுதியாண்டு ஆய்வு ஏ. அந்தத் தாளைப் பார்த்தால் அது வேறு யாருடைய பட்டமோ என்று தோன்றுகிறது.

#13 பந்தாய்_வாசி | வியாழன், காலை 6.05

நன்றி. இதை எழுதியது எளிதில்லை என்று தெரியும். இனி உங்கள் நோக்க அறிக்கையை எழுதி இங்கே போடுங்கள்.

#14 பிறை_வாணி | சனி, மாலை 4.15

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன், சுருக்கமாக.

முதல் பத்தி: சிறு வயது முதலே எனக்கு வேதியியலில் அளவற்ற ஆர்வம். இரண்டாவது: அப்பாவின் நோய், அம்மாவின் கடை, பஸ், எல்லாம். மூன்றாவது: சோதனைகளிலிருந்து கற்ற பொறுமை. நான்காவது: மலேசியாவுக்குச் செம்பனையின் முக்கியத்துவம். கடைசியில் வேலை: ஐ.எஸ்.ஓ 17025 (பரிசோதனைக் கூடங்களுக்கான தரம்) அங்கீகாரம் பெற்ற கூடம், பி.ஓ.டி (கழிவை நுண்ணுயிர் தின்னச் செலவாகும் ஆக்சிஜன் அளவு), சி.ஓ.டி (அதையே வேதிப்பொருளால் அளப்பது), அம்மோனியா நைட்ரஜன் சோதனைகள், திறன் ஒப்பீட்டுச் சோதனையில் பி.ஓ.டி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியது.

#15 செந்தூல்_சேகர் | சனி, மாலை 5.00

சிறு வயதில் யாருக்கும் வேதியியலில் ஆர்வம் கிடையாது, தங்கச்சி. ஐஸ் கச்சாங்கில்தான் ஆர்வம்.

#16 பந்தாய்_வாசி | சனி, இரவு 9.40

சேகர் சொன்னதை வழிமொழிகிறேன். முதல் பத்தி, மூன்றாவது, நான்காவது மூன்றையும் எடுத்துவிடுங்கள். செம்பனை முக்கியம் என்று படிக்கிறவருக்குத் தெரியும். அந்தக் கடைசி வரி என்ன? பி.ஓ.டி பிழை. அதை விரித்துச் சொல்லுங்கள்.

#17 பிறை_வாணி | சனி, இரவு 11.15

அது பெரிய விஷயம் இல்லை சார். பல கூடங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி எண்ணை ஒப்பிடுவார்கள் இல்லையா, அதில் எங்கள் இசட் மதிப்பு, அதாவது சரியான எண்ணிலிருந்து எவ்வளவு விலகினோம் என்ற கணக்கு, -2.6 வந்தது. கூடினாலும் குறைந்தாலும் இரண்டுக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் நீர்த்தலில் தப்பு, நுண்ணுயிருக்காகச் சேர்க்கும் விதைநீரில் தப்பு என்றார்கள். இரண்டையும் மாற்றினோம், சரியாகவில்லை.

செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு நம் நாட்டுச் சட்டப்படி பி.ஓ.டி முப்பது டிகிரியில் மூன்று நாள். மற்றத் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இருபது டிகிரியில் ஐந்து நாள். போத்தல்களை ஒரே வெப்பத்தில் வைக்கும் முப்பது டிகிரி இன்குபேட்டரில் கதவில் இருக்கும் காட்சித்திரை எப்போதும் 30.0 காட்டும். எனக்கு என்னவோ சந்தேகம். ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் நிரப்பிய போத்தல் வைத்து, அதற்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்தேன். மேல்தட்டு 30.1. கீழ்த்தட்டு 28.4. எங்கள் ஒப்பீட்டு மாதிரி எல்லாம் கீழ்த்தட்டில்தான் இருந்தது, மேல்தட்டு தினசரி வேலைக்கு. குளிர்ந்தால் நுண்ணுயிர் மெதுவாகத் தின்னும், எண் குறையும். விசிறி தூசி பிடித்துப் பாதி வேகத்தில் ஓடியிருக்கிறது. மாற்றினோம். அடுத்த சுற்றில் இசட் 0.4.

#18 கணக்குப்பிள்ளை | சனி, இரவு 11.22

இதைப் பெரிய விஷயம் இல்லை என்கிறார்!

#19 பந்தாய்_வாசி | ஞாயிறு, காலை 6.20

இதுதான் முதல் பத்தி. இங்கே எழுதிய அதே வரிசையில், அதே வெப்பமானியோடு.

குறையைப் பற்றி ஒரு பத்தி போதும், நடுவில் வையுங்கள். முதலில் வைத்தால் மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கும், கடைசியில் வைத்தால் அதுவே நினைவில் நிற்கும். பஸ்ஸும் ஒட்டுக்கடையும் வேண்டாம். அவை உங்களுக்குப் பெரியவை, ஆனால் ஐந்து வரியில் எழுதினால் இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும். பரிந்துரைக் கடிதத்துக்கு இறுதியாண்டு ஆய்வு மேற்பார்வையாளர் ஒருவர், இன்குபேட்டர் கதையை நேரில் பார்த்த உங்கள் கூட மேலாளர் ஒருவர். முதலாமாண்டில் பாடம் எடுத்த பேராசிரியர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம், அவருக்கு உங்கள் 38-தான் தெரியும்.

இன்னொன்று. ஆய்வு வழி என்றால் விண்ணப்பப் படிவம் இரண்டாவது வேலை. மேற்பார்வையாளரைப் பிடிப்பதுதான் முதல் வேலை. உள்மதிப்பீட்டுக்குப் போகிற கோப்பில் 'இந்த மாணவர் எனக்கு வேண்டும்' என்று உள்ளேயிருந்து ஒருவர் சொன்னால் 0.03 அவ்வளவு பெரிதாகத் தெரியாது. யாரும் சொல்லாவிட்டால் அதே 0.03 போதும், கோப்பு மூடிவிடும். மின்னஞ்சலில் புள்ளியை மறைக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டை இணைத்துவிடுங்கள். நான்கு மாதம் பேசிவிட்டுப் பிறகு தெரியவந்தால் அவருக்கும் சங்கடம்.

#20 பிறை_வாணி | செவ்வாய், இரவு 10.50

குறைப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, தமிழில்:

'என் முதல் ஐந்து செமஸ்டர்கள் பலவீனமானவை. பௌதிக வேதியியலில் கணிதத்தில் தடுமாறினேன், உதவி கேட்கத் தாமதித்தேன். மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் தந்தையின் பக்கவாதம் நிலைமையை மோசமாக்கியது. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்துத் தேறினேன். கடைசி மூன்று செமஸ்டர்களின் சராசரி 3.40. பகுப்பாய்வு சார்ந்த பாடங்கள் அனைத்திலும் ஏ அல்லது ஏ மைனஸ்.'

'உதவி கேட்கத் தாமதித்தேன்' என்பதை நான்கு தடவை அழித்து நான்கு தடவை திரும்ப எழுதினேன்.

#21 பந்தாய்_வாசி | புதன், காலை 6.00

ஐந்தாம் தடவை அழிக்க வேண்டாம்.

#22 முருங்கைமரம் | புதன், காலை 8.15

பகுதிநேரம் என்றால் சரி. எழுத்தில் வாங்கிக்கொள், தங்கச்சி. வேலை இடத்திலும் ஒரு கடிதம் வாங்கு. மாதிரி எடுக்க வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்றால் விடுவார்களா என்று இப்போதே கேள்.

#23 பிறை_வாணி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.05

வந்துவிட்டேன். ஒன்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து பேரிடம் இருந்து பதிலே இல்லை. இரண்டு பேர் இடம் இல்லை என்றார்கள், அதில் ஒருவர் மரியாதையாக. ஒருவர் முழுநேரம் மட்டும்தான் என்றார். ஒன்பதாவது ஆள் ஒரு வரி எழுதினார்: கீழ்த்தட்டு எண்களைக் கொண்டு வரவும்.

போனேன். அவர் என் டிரான்ஸ்கிரிப்டை மேசையில் கவிழ்த்து, அதன் பின்பக்கத்திலேயே இன்குபேட்டரைப் படம் போட்டார். விசிறி எங்கே, தட்டு எத்தனை, போத்தல் எப்படி அடுக்கியிருந்தது என்று ஒன்றரை மணி நேரம். நான் ஒன்றைத் தவறாகச் சொன்னேன். தெரியவில்லை என்றேன். சரி, தேடிப்பார் என்றார்.

பிறகு உள்மதிப்பீடு, மூன்று பேர் முன்னால் ஆய்வுத் திட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு அம்மையார் 1.72-ஐப் பேனாவால் தொட்டு, இது என்ன என்றார். அந்தப் பத்தியில் இருந்ததையே இரண்டு வாக்கியமாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். அவ்வளவுதான். இரண்டரை வருடம் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் இருந்த விஷயம் அரை நிமிடத்தில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பகுதிநேரம். முருங்கைமரம் அண்ணே, எழுத்தில் இருக்கிறது. வேலை இடத்திலும் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை விடுவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

#24 முருங்கைமரம் | ஞாயிறு, இரவு 9.12

அம்மா கடை எங்கே? பசியாற வருகிறேன். காசு கொடுத்துத்தான் சாப்பிடுவேன்.

#25 தைப்பிங்_மழை | ஞாயிறு, இரவு 9.30

நானும் என் கோப்பைத் தேடுகிறேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

#26 பாயான்_பாரு_குமார் | திங்கள், இரவு 8.40

இழை முழுவதும் படித்தேன். எனக்கு வயது 34, மின்னணுத் தொழிற்சாலையில் பொறியியல் பிரிவில் ஒன்பது வருடம். சிஜிபிஏ 2.31. வாணி அளவுக்குக் கூட இல்லை. எனக்கெல்லாம் வாய்ப்பு உண்டா?

#27 பிறை_வாணி | திங்கள், இரவு 9.25

அண்ணே, சேகர் அண்ணன் மேலே எழுதியிருக்கிறார், 2.50-க்குக் கீழே என்றால் ஐந்து வருட வேலை அனுபவம். உங்களிடம் ஒன்பது இருக்கிறது. படிக்க நினைக்கும் துறையும் வேலையும் ஒன்றுதானா? மொத்தப் புள்ளியை விடுங்கள், செமஸ்டர் வாரியாகப் போடுங்கள்.

#28 பாயான்_பாரு_குமார் | திங்கள், இரவு 9.50

அதே துறைதான். 2.95, 2.80, 2.71, 2.44, 2.20, 1.84, 1.70, 1.84.

#29 பிறை_வாணி | திங்கள், இரவு 9.58

ஆறாவதில் என்ன நடந்தது, அண்ணே?